ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி ரயில் ஏற ஒன்றரை மணி நேரம் போதுமா?

கேள்வி இது: மகள் எம்.எஸ். படிக்க ஜெர்மனியில் ஆஹன் நகருக்குப் போகிறாள். முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் தனியாக. சென்னையிலிருந்து நேர் விமானம், காலை எட்டு மணி வாக்கில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கும். ஒன்பதரைக்கு ஒரு ரயில் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போட்டுவிடலாமா, அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் வழி கண்டுபிடித்து ரயிலைப் பிடித்துவிடுவாளா என்று அப்பா கேட்டிருக்கிறார்.

அந்த ரயிலைப் போடாதீர்கள். வழி கண்டுபிடித்துவிடுவாள், அதில் சந்தேகமே வேண்டாம். ரயில் நிலையம் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. சுங்கம் தாண்டி வெளியே வந்ததிலிருந்து, இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு மெதுவாக நடந்தாலும் பதினைந்து நிமிடம். நான் பயப்படுவது அந்த மலிவு டிக்கெட்டுக்குத்தான். அது குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும். விமானம் தாமதம், பாஸ்போர்ட் வரிசை நீளம் என்று எந்தக் காரணம் சொன்னாலும் ரயில்வே அதற்குப் பொறுப்பில்லை. ரயில் போய்விட்டால் டிக்கெட்டும் போச்சு. அங்கேயே நின்றபடி முழு விலையில் இன்னொன்று வாங்க வேண்டும். நான் கோல்னில் வசிக்கிறேன் (ஆங்கிலத்தில் கொலோன் என்பார்களே, அந்த ஊர்). ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். அவர்கள் பதறுவது பெரும்பாலும் டிக்கெட் விஷயத்தில்தான், வழியில் இல்லை. அதனால் முதலில் டிக்கெட்டைச் சொல்லிவிடுகிறேன், வழியை அப்புறம் பார்க்கலாம்.

ஜெர்மன் ரயில்வே டாய்ச்ச பான், சுருக்கமாக டிபி. அதன் செயலி டிபி நாவிகேட்டர். அதில் தேடினால் ஒரே ரயிலுக்கு மூன்று விலை காட்டும். சூப்பர் ஷ்பார்ப்ரைஸ், ஷ்பார்ப்ரைஸ் இரண்டும் மலிவு, ஆனால் அந்த ரயிலோடு கட்டிப்போட்டவை. ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் விலை கூடுதல். அதை வைத்துக்கொண்டு அன்றைய நாளில் அந்தத் தடத்தில் எந்த ரயிலிலும் ஏறலாம், பயண நாளுக்குப் பல நாள் முன்பே ரத்து செய்தால் பணமும் திரும்ப வரும். விமானத்தில் இறங்கி ரயில் ஏறுபவருக்கு, அதுவும் முதல் முறை வருபவருக்கு, நான் ஃப்ளெக்ஸ்ப்ரைஸைத்தான் சொல்வேன். கூடுதலாகக் கொடுக்கும் அந்தப் பணத்துக்குப் பாஸ்போர்ட் வரிசையில் நிற்கும்போது கடிகாரத்தைப் பார்க்காமல் நிற்கலாம்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கழற்றி வைக்க வேண்டும். நமக்கு டிக்கெட் என்றாலே இருக்கை அல்லது பெர்த். கன்ஃபர்ம் ஆகாவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஜெர்மனியில் டிக்கெட் வேறு, இருக்கை முன்பதிவு வேறு. வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி. எதுவும் கிடையாது. ஐசிஇ என்னும் அதிவேக ரயிலில்கூட ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் டிக்கெட் இருந்தால் ஏறிவிடலாம். காலியாக இருக்கும் இடத்தில் உட்காரலாம், கூட்டமாக இருந்தால் நிற்க நேரும். எனவே டிக்கெட் தீர்ந்துவிடும் என்று பயந்து முன்கூட்டியே வாங்க அவசியம் இல்லை. முன்கூட்டி வாங்குவது விலை குறைவாகக் கிடைப்பதற்காக மட்டும்தான். இருக்கை வேண்டுமென்றால் இரண்டாம் வகுப்பில் ஐந்தரை யூரோ போலத் தனியாகக் கட்ட வேண்டும். அதையும் இப்போதே கட்டாதீர்கள். பெட்டிகள் கைக்கு வந்து, எந்த ரயில் என்று தெரிந்த பிறகு, செயலியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு நல்ல வழி உண்டு. விமான டிக்கெட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் அதைத்தான் முதலில் பாருங்கள். லுஃப்தான்சாவில் எக்ஸ்பிரஸ் ரயில் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. விமானமும் ரயிலும் ஒரே முன்பதிவில் வரும், ரயிலுக்கும் விமானம் போலவே ஒரு எண் இருக்கும். விமானம் தாமதமாகி ரயில் தவறினால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை. டிக்கெட் தேடும்போது சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் என்று போடாமல், நேரடியாக ஆஹன் என்று போட்டுப் பாருங்கள். வராவிட்டால் கோல்ன் என்று போடுங்கள். அடுத்தது ரெயில் அண்ட் ஃப்ளை. இது பல விமான நிறுவனங்கள் டிக்கெட்டோடு சேர்த்துத் தரும் ரயில் சீட்டு. இறங்கிய நாளிலும் மறுநாளிலும் எந்த ரயிலிலும் செல்லும், குறிப்பிட்ட ரயில் என்ற கட்டு கிடையாது. ஆனால் ஏஜென்ட் கொடுக்கும் குறியீட்டை வைத்துக்கொண்டு ரயிலில் ஏற முடியாது. அதை இணையத்தில் கொடுத்து டிபி டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் சென்னையிலேயே செய்து முடித்துவிடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: எக்ஸ்பிரஸ் ரயில் என்றாலும் பெட்டி தானாக ரயிலுக்கு வந்துவிடாது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் எடுத்துக்கொண்டு நாமேதான் ரயிலில் ஏற்ற வேண்டும்.

மலிவு டிக்கெட்தான் வேண்டும் என்றால் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு புறப்படும் ரயிலைப் போடுங்கள். சீக்கிரம் வெளியே வந்துவிட்டால் விமான நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், ஒன்றும் குடி முழுகிவிடாது.

சீனியர்கள் சிலர் "டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துக்கோ, ஜெர்மனி முழுக்கச் சுத்தலாம்" என்பார்கள். அது 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த மாதச் சந்தா, 2026 தொடக்கத்திலிருந்து 63 யூரோ. நல்ல திட்டம்தான், ஆனால் உள்ளூர், பிராந்திய ரயில்களுக்கு மட்டும். ஐசிஇயில் செல்லாது. அதை வைத்துக்கொண்டு ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ஆஹன் போகலாம், ஆனால் அங்கங்கே மாறி மாறிப் பாதி நாள் போய்விடும். இரண்டு பெரிய பெட்டியோடு, ராத்திரி முழுக்கத் தூங்காத பிள்ளைக்கு முதல் நாளே அது வேண்டாம்.

சரி, இப்போது நேரக் கணக்கு. சென்னை விமானம் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு இங்கே காலையில் வந்து சேரும். ஆசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் பெரிய விமானங்கள் பலவும் அதே நேரத்தில்தான் இறங்குகின்றன. சக்கரம் தரையைத் தொட்டபின் கதவு திறக்கப் பத்துப் பதினைந்து நிமிடம். சில நாள் விமானத்தை முனையத்தோடு சேர்க்காமல் தூரத்தில் நிறுத்திப் பேருந்தில் கூட்டிப்போவார்கள், அதற்கு இன்னொரு கால் மணி. பிறகு நீள நடை, பாஸ்போர்ட் வரிசை. வரிசை இருபது நிமிடத்தில் முடிந்த நாளும் உண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்த நாளும் உண்டு. பெட்டி வர அரை மணி. எல்லாம் சேர்ந்து எட்டு மணிக்கு இறங்கியவர் பத்து மணிக்கு ரயில் நிலையத்தில் நின்றால் அது சாதாரணம். ஒன்பதரைக்கு நின்றால் அதிர்ஷ்டம்.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் புது எல்லைப் பதிவு முறை வந்திருக்கிறது. குறுகிய காலத்துக்கு வரும் வெளிநாட்டவரின் கைரேகையும் முகப் படமும் பதிவு செய்கிறார்கள். உங்கள் மகளிடம் இருப்பது டி விசா, அதாவது நீண்டகாலத் தேசிய விசா. அதனால் அவளுக்கு அந்தப் பதிவு கிடையாது. ஆனால் முன்னால் நிற்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு உண்டு, வரிசை அதற்கேற்ப நகரும். பின்னாளில் நீங்கள் சுற்றுலா விசாவில் அவளைப் பார்க்க வரும்போது உங்களுக்கும் அது பொருந்தும்.

கவுன்ட்டரில் இருப்பவர் மத்திய போலீஸ்காரர். எதற்கு வந்தாய், எந்தப் பல்கலைக்கழகம், எங்கே தங்குவாய் என்று ஆங்கிலத்திலேயே கேட்பார். சேர்க்கைக் கடிதம், பிளாக்டு அக்கவுன்ட் (படிப்புக் காலச் செலவுக்கான பணத்தை முடக்கி வைக்கும் கணக்கு) சான்று, காப்பீடு, தங்குமிட முகவரி ஆகியவற்றின் அச்சுப் பிரதி தோள்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டால் அந்த இடத்தில் காட்ட முடியாது, ஏனென்றால் பெட்டி கிடைப்பது இந்தக் கவுன்ட்டரைத் தாண்டிய பிறகுதான்.

பெட்டி எடுத்த பிறகு சுங்கம். அறிவிக்க எதுவும் இல்லை என்றால் பச்சை வழி. அங்கேயும் சில நாள் இந்தியாவிலிருந்து வரும் விமானம் என்றால் நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, மட்டன் ஊறுகாய் எல்லாம் அதில் சேரும். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், வீட்டிலிருந்து கட்டித் தரும் பைக்கு அது எங்கே கிடைக்கும்? பருப்பு, புளி, சாம்பார்ப் பொடி, அப்பளம், கறிவேப்பிலைப் பொடி தாராளமாக வரலாம். நெய் பாட்டிலைக் குப்பையில் போடுவதோடு முடிந்தாலும் அரை மணி நேரம் அங்கே போய்விடும், ரயில் கணக்கில் அதுவும் சேரும்.

வெளியே வந்தாயிற்று. இனி வழி. லுஃப்தான்சா விமானம் டெர்மினல் 1-இல்தான் வரும், ரயில் நிலையமும் அதை ஒட்டித்தான். துபாய், அபுதாபி வழியாக வேறு நிறுவனத்தில் வருபவர்கள் வேறு டெர்மினலில் இறங்க நேரலாம். அவர்களுக்கு ஸ்கைலைன் என்று ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில் இருக்கிறது. அதில் டெர்மினல் 1-க்கு வந்துவிடலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் என் கணக்கோடு இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளட்டும்.

இங்கே ஒரே ஒரு இடத்தில்தான் குழப்பம் வரும். விமான நிலையத்துக்கு ரயில் நிலையம் ஒன்றல்ல, இரண்டு. டெர்மினல் 1 திறந்த 1972-லேயே அதற்கு நேர் கீழே ஒரு நிலையம் கட்டினார்கள். அதுதான் ரெகியோனால்பான்ஹோஃப், பிராந்திய ரயில் நிலையம். ஊருக்குள் ஓடும் எஸ்-பான் ரயில்கள் அங்கே வரும். அதிவேக ரயில்களுக்கு அந்த இடம் போதாமல் 1999-இல் சாலைக்கு அந்தப் பக்கம் ஃபெர்ன்பான்ஹோஃப் என்று தூர ரயில்களுக்கு இன்னொன்று கட்டினார்கள். அதன் மேலே பிறகு எழுந்ததுதான் ஸ்குவேர் என்னும் 660 மீட்டர் நீளக் கண்ணாடிக் கட்டடம். உங்கள் மகளுக்கு வேண்டியது இந்த இரண்டாவது நிலையம். பலகைகளில் ரயில் படத்தோடு ஃபெர்ன்பான்ஹோஃப் என்று போட்டிருக்கும், ஆங்கிலத்திலும் இருக்கும். பச்சை வட்டத்துக்குள் வெள்ளை எஸ் எழுத்து போட்ட பலகையைப் பின்தொடர்ந்தால் பிராந்திய நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். பலகையைத் தவறவிட்டாலும் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. செயலியில் பிளாட்ஃபார எண் இருக்கும், அங்கே அதை க்ளைஸ் என்பார்கள். 1 முதல் 3 வரை என்றால் பிராந்திய நிலையம். 4 முதல் 7 வரை என்றால் ஃபெர்ன்பான்ஹோஃப்.

ஃபெர்ன்பான்ஹோஃபுக்குப் போகும் பாதை சாலையின் மேல் மூடிய பாலமாகப் போகிறது. மழையும் குளிரும் படாது. லிஃப்ட், நகரும் படிக்கட்டு இரண்டும் உண்டு. இரண்டு பெட்டியும் தோள்பையும் இருந்தால் லிஃப்ட்தான், இதில் அவசரப்பட வேண்டாம். பாலத்தைத் தாண்டினால் பெரிய கூடம். டிபி தகவல் மையமும் டிக்கெட் கவுன்ட்டரும் கடைகளும் அந்தப் பக்கத்தில்தான். தலைக்கு மேலே புறப்பாட்டுப் பலகை தொங்கும். ரயில் வர நேரமிருந்தால் இந்தக் கூடத்திலேயே உட்கார்வது நல்லது. கீழே பிளாட்ஃபாரத்தில் காற்று வீசும், அக்டோபரிலேயே விறைத்துப்போகும். கழிப்பறையை விமான நிலையத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளட்டும், அங்கே இலவசம். ஜெர்மனியின் பல ரயில் நிலையங்களில் அதற்குக் காசு கொடுக்க வேண்டும்.

செயலியில் ஊர்ப் பெயர் போடும்போதும் கவனம் வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட் என்று தட்டினால் ஒரு பட்டியலே வரும். ஃப்ளூக்ஹாஃபென் ஃபெர்ன்பான்ஹோஃப் என்று முடிவதைத்தான் எடுக்க வேண்டும். ஹவுப்ட்பான்ஹோஃப் என்றால் நகரின் நடுவில் உள்ள பிரதான நிலையம். அங்கே போக எஸ்-8 அல்லது எஸ்-9 ரயிலில் பன்னிரண்டு நிமிடம் போல ஆகும், அதற்குத் தனி டிக்கெட். சென்னை என்றால் சென்ட்ரல் போய்த்தானே ரயில் ஏற வேண்டும் என்று நினைத்துப் பலர் அங்கே போய்விடுகிறார்கள். தேவையே இல்லை. ஹவுப்ட்பான்ஹோஃபில் கிளம்பும் கோல்ன் ரயில்கள் பலவும் விமான நிலையம் வழியாகத்தான் போகின்றன. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் ஓடர் என்று இருந்தால் அது போலந்து எல்லையில் இருக்கும் வேறு ஊர், அதைத் தொடவே வேண்டாம்.

இந்திய நிலையங்களைப் போலவே இங்கேயும் பிளாட்ஃபார மாற்றம் கடைசி நேரத்தில் நடக்கும். ஜெர்மன் ரயில் என்றால் நிமிடம் தவறாது என்று நாம் படித்து வளர்ந்த கதை இப்போது செல்லாது. 2024-இல் டிபியின் தூர ரயில்களில் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். ஆறு நிமிடத்துக்குள் தாமதமானதையும் சரியான நேரம் என்று கணக்கில் சேர்த்த பிறகே இந்த எண்ணிக்கை. ஆகவே பிளாட்ஃபாரத்துக்கு வந்ததும் பார்க்க வேண்டியது அங்கே தொங்கும் மின்பலகையை. மேலே ரயில் எண், புறப்படும் நேரம், போய்ச்சேரும் ஊர். அதன் கீழே வழியில் நிற்கும் ஊர்கள். பக்கத்திலேயே ஏ, பி, சி என்று எழுத்துகள், ரயிலின் எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்று காட்டுவதற்கு. பிளாட்ஃபாரத்தின் நெடுகிலும் அதே எழுத்துகளைப் பலகையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். நம் ஊரில் கோச் பொசிஷன் பார்த்து நிற்பதைப் போலத்தான். நடுவில் வெள்ளைப் பட்டையில் எழுத்து ஓடினால் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள்: தாமதம், பிளாட்ஃபார மாற்றம், அல்லது பெட்டி வரிசை தலைகீழ். புரியாவிட்டால் செயலியைப் பார்க்கட்டும். அதே தகவல் அதில் ஆங்கிலத்தில் வந்துவிடும்.

ரயில் இரண்டு தனித்தனித் தொகுதிகளைக் கோத்தும் வரும். ஓடும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முடியாது, சில நேரம் வழியில் பிரிந்து வெவ்வேறு ஊருக்கும் போகும். பெட்டியின் கதவுக்குப் பக்கத்தில் ரயில் எண்ணும் ஊர்ப் பெயரும் எரியும், அதைப் பார்த்து ஏறினால் போதும். நிலையத்தில் நுழைவுக் கதவோ டிக்கெட் சோதனையோ கிடையாது, நேராகப் பிளாட்ஃபாரத்துக்குப் போய்விடலாம். சோதனை ரயிலுக்குள். டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல் தொல்லை இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்: அப்பா பெயரைச் சேர்த்து பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள்.

கதவு புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்பே மூடிக்கொள்ளும். முதலில் ஒரு பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, ஏறியபடியே இரண்டாவதை இழுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால் தூக்கித் தருவார்கள், கேட்காமல் வரமாட்டார்கள். வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள், இங்கே அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உள்ளே பெரிய பெட்டிக்குத் தனி அடுக்கு இருக்கும். அது நிறைந்திருந்தால் முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் செருகிவிடலாம். முன்பதிவு இல்லாமல் உட்காரும்போது இருக்கைக்கு மேலே எரியும் ஊர்ப் பெயரைப் பார்க்க வேண்டும். எந்தப் பெயரும் இல்லாவிட்டால் அது பொது இருக்கை. பெயர் இருந்து, முன்பதிவு செய்தவர் ஏற வேண்டிய இடம் தாண்டிப் பதினைந்து நிமிடம் ஆகியும் அவர் வராவிட்டால் அந்த இடத்திலும் உட்காரலாம்.

எந்த ரயில் என்பதற்கு வருகிறேன். மிகச் சுகமானது ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் ஐசிஇ. விமான நிலையம், கோல்ன், ஆஹன் மூன்றிலும் நிற்கும், எங்கும் இறங்கி மாற வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு சிலதான் இருக்கின்றன. அதற்காக ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் முதல் பயணத்துக்கு இதையே சொல்வேன். மற்றபடி கோல்ன் போகும் ஐசிஇ அடிக்கடி உண்டு. 2002-இல் திறந்த அதிவேகப் பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு மணி நேரத்தில் கோல்ன் வந்துவிடும். அங்கிருந்து ஆஹனுக்கு ஆர்இ-1, ஆர்இ-9 என்னும் பிராந்திய ரயில்களில் இன்னும் ஒரு மணி நேரம் போல.

இப்படி மாறிப் போகும் வழியில் ஒரு சங்கதி இருக்கிறது. ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து வரும் ஐசிஇக்களில் சில, கோல்ன் பிரதான நிலையத்துக்கு வரவே வராது. ரைன் ஆற்றுக்கு இக்கரையில் மெஸ்ஸ டாய்ட்ஸ் என்னும் நிலையத்தில் நின்றுவிட்டு அப்படியே வடக்கே போய்விடும். கோல்ன் என்று அறிவித்தார்களே, பிரதான நிலையத்தை ஒட்டிய தேவாலயக் கோபுரத்தைக் காணோமே என்று உட்கார்ந்திருந்தால் அடுத்து இறங்குவது ட்யூஸல்டோர்ஃபில்தான். பயணத் திட்டத்தில் கோல்ன் மெஸ்ஸ டாய்ட்ஸ் என்று இருந்தால் அங்கேயே இறங்க வேண்டும். ஐசிஇ பெரும்பாலும் கீழ்த்தளத்தில் 11 அல்லது 12-ஆம் பிளாட்ஃபாரத்தில் நிற்கும். அங்கிருந்து படியோ லிஃப்ட்டோ ஏறி மேல்தளத்துக்கு வந்தால் ஆஹன் போகும் ஆர்இ ரயில்கள் அங்கேயே நிற்கின்றன. பிரதான நிலையத்துக்குப் போய் மாறத் தேவையில்லை. மாறுவதற்கு இருபது நிமிடத்துக்குக் குறைவாக இருக்கும் திட்டத்தை மட்டும் எடுக்காதீர்கள். லிஃப்ட்டுக்கே சில நேரம் வரிசை நிற்கும்.

ஏதாவது தவறிப்போனால் என்ன செய்வது? பெட்டி வரவில்லை என்றால் சாமான் கூடத்திலேயே விமான நிறுவனத்தின் தொலைந்த சாமான் கவுன்ட்டர் இருக்கும். அங்கே புகார் பதிந்து, பிஐஆர் என்னும் அறிக்கை எண்ணை வாங்கிக்கொண்டு, ஆஹன் முகவரியைக் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போய்விடலாம். கிடைத்தபின் வீட்டுக்கே அனுப்புவார்கள். பதியாமல் மட்டும் வெளியே வந்துவிடக் கூடாது. ரயில் ரத்தானாலோ, போய்ச்சேர இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தாலோ, மலிவு டிக்கெட்டின் கட்டும் அவிழ்ந்துவிடும். வேறு ரயிலில் ஏறலாம், புது டிக்கெட் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். செயலியிலேயே விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. இவை எல்லாம் ரயிலின் தாமதத்துக்கு மட்டும், விமானத்தின் தாமதத்துக்கு அல்ல.

தனியாக வரும் பெண் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன். ஜெர்மனியின் பெரிய ரயில் நிலையங்களில் பான்ஹோஃப்ஸ்மிஸியோன் என்று ஓர் உதவி மையம் உண்டு. வேலை தேடி நகரத்துக்கு வரும் இளம்பெண்களைப் பாதுகாப்பதற்காக 1894-இல் பெர்லினில் தொடங்கியது. இன்றும் நீல மேலங்கி போட்ட தொண்டர்கள் இருப்பார்கள். பணம் கேட்க மாட்டார்கள், மதமும் கேட்க மாட்டார்கள். கோல்ன் பிரதான நிலையத்திலும் இருக்கிறது. ரயில் தவறி, ஃபோன் சார்ஜும் தீர்ந்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்றால் அங்கே போய் உட்காரலாம். அவசரத்துக்குப் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 112. விமான நிலையத்தில் வைஃபை இலவசம், ஐசிஇயிலும் இலவசம். இருந்தாலும் டிக்கெட்டின் கியூஆர் குறியீட்டை ஃபோனில் படமாகச் சேமித்து, காகிதத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, ஆஹனில் இறங்கிய பிறகு. பிரதான நிலையத்தைத் தவிர ஆஹன் வெஸ்ட் என்று இன்னொரு நிலையம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தங்குமிடம் எதற்கு அருகில் என்று வரைபடத்தில் இப்போதே பார்த்து வையுங்கள். அதைவிட முக்கியம் அறைச் சாவி. மாணவர் விடுதிகளில் சாவியைத் தருபவர் ஹவுஸ்மைஸ்டர், அதாவது விடுதிப் பராமரிப்பாளர். அவர் வார நாட்களில், அதுவும் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் இருப்பார். வெள்ளி மதியம் போய்ச்சேர்ந்தால் திங்கள் காலை வரை கதவு திறக்காமல் போகலாம். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அன்றும் யாரும் இருக்க மாட்டார்கள். விடுதிக்கு மின்னஞ்சல் போட்டு, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் வருகிறேன், சாவியை யாரிடம் வாங்குவது என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு விமானத் தேதியை முடிவு செய்யலாம். செவ்வாய் அல்லது புதன் காலை இறங்குவதாக இருந்தால், ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் மறுநாள் காலை சாவி கையில் இருக்கும்.